கோழித்துணியும் கீல் கண்ணாடியும்

என் அண்ணி லியோனா ஹவெல்கா பன்றி வெட்டுகிறவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு எங்கள் ஊர் இறைச்சிக் கூடத்தில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் கத்தியைக் கையில் வாங்கிவிட்டாள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் பெண்பிள்ளை யாரும் வெட்டுமேடைக்குப் பின்னால் நின்றதில்லை. முதல் வாரம் வாடிக்கையாளர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "லாடி இல்லையா?" என்று கேட்டார்கள். லாடி கூடத்தின் முதலாளி. அடுத்த மாதம் லாடியைத் தாண்டி எட்டிப் பார்த்து, "லியோனா இல்லையா?" என்று கேட்டார்கள்.

ஆள் நல்ல உயரம். சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். நாட்டியக் கொட்டகையில் போல்கா ஆட்டப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது சுவரோடு சுவராக நின்ற என் அண்ணன் எல்டனிடம் அவளே போய், "நீ ஆடுவியா, இல்ல சுவரைத் தாங்கணுமா?" என்று கேட்டாள். எல்டன் தானிய லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தையை விரல் விட்டு எண்ணலாம். அவன் பேசாததை எல்லாம் சேர்த்து அவள் பேசினாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

கத்தி பிடித்த கை ஒரு இலையுதிர் காலத்தில் மரத்துப் போக ஆரம்பித்தது. காப்பிக் கோப்பை கையிலிருந்து தானாக நழுவியது. லிங்கன் நகரத்தில் மணிக்கட்டைக் கிழித்துச் சரிசெய்தார்கள். அடுத்த இலையுதிர் காலம் வரை கத்தியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்த லியோனாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜன்னலைத் துடைப்பாள், துடைத்த ஜன்னலையே மறுபடி துடைப்பாள். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சண்டை பிடிப்பாள்.

"அண்ணி, செவ்வாய்க்கிழமை எங்க சங்கத்துல சர்ச்சுக் கீழ்த்தளத்துல போர்வை தைக்கிறோம், வாங்களேன்" என்றேன்.

"ஊசியா? அந்த ஊசியைப் பிடிக்க எனக்கு இடுக்கிதான் வேணும், இர்மா."

ஆனால் வந்தாள்.

துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கிற ஒட்டுத்துணிப் போர்வை என்றால் எங்கள் ஊரில் அது ஜார்ஜீன் ஸ்லாமாவின் ராஜ்யம். வெள்ளிக்கிழமைதோறும் தலையைக் கடையில் சுருட்டி வைத்துக்கொண்டு வருகிற அம்மாள். அவர் தைத்த நீல வெள்ளைப் போர்வைகளுக்கு ஆகஸ்ட் மாதக் கண்காட்சியில் வருஷம் தவறாமல் பரிசு உண்டு. ஊதா ரிப்பன்தான் எல்லாவற்றிலும் உயர்ந்தது. அது அவர் வீட்டு முன்னறையில் வரிசையாகத் தொங்கும். கையும் அப்படிப்பட்ட கைதான், அதில் சந்தேகமே இல்லை. வாய்தான் கொஞ்சம் அதிகம்.

லியோனா முதலில் தைத்த போர்வை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. சிவப்புக்குப் பக்கத்தில் ரோஸ், ரோஸுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு. ஜார்ஜீன் அதைத் தூக்கிப் பிடித்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"லியோனா, இதுல தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்?"

"படுத்துப் பாருங்க அக்கா, தெரிஞ்சிடும்."

"ஹாம் வெட்டற மாதிரி வெட்டினா இப்படித்தான் வரும்."

"நான் வெட்டற ஹாம் நேரா வரும்" என்றாள் லியோனா. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து கையைக் காட்ட லிங்கனுக்குப் போனோம். திரும்பும்போது நூல் வாங்க ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரப் பெண் ஒரு பூப்போட்ட துணியை மேஜையில் விரித்து, அதன்மேல் இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பாதி திறந்த புத்தகம் மாதிரி நிறுத்தியிருந்தாள். ஓரத்தில் கீல் வைத்து இரண்டையும் இணைத்திருந்தது. அந்த இடுக்கில் இருக்கிற துக்கடாப் பூ, கண்ணாடிக்குள் சுற்றிலும் விழுந்து வட்டமாகப் பெரிய பூவாக நின்றது. தைப்பதற்கு முன்னாலேயே, வெட்டுவதற்கு முன்னாலேயே, இந்தத் துணி என்னவாக வரும் என்று பார்த்துவிடலாம். அதற்காகத்தான் அது.

நான் நூல் வாங்கி, பணம் கொடுத்து, வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் அண்ணி அங்கேயே குனிந்து நிற்கிறாள். கண்ணாடியை விரிக்கிறாள், சுருக்குகிறாள், இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு.

"அண்ணி, எல்டன் வண்டியை ஓட விட்டுட்டு நிக்கறான்."

"நிக்கட்டும். இங்க பாருடி. இது ஒரு பூ. இப்படி நகத்தினா சிலந்தி. இன்னும் கொஞ்சம் நகத்தினா... அடியம்மா!"

கடையில் விற்ற கண்ணாடியை அவள் வாங்கவில்லை. நாட்டியக் கொட்டகையைப் புதுப்பித்தபோது தூணில் ஒட்டியதுபோக மிஞ்சிய சதுரக் கண்ணாடிகள் எல்டனின் கொட்டிலில் ஒரு பெட்டியில் கிடந்தன. அதில் இரண்டை எடுத்து, இறைச்சிப் பொட்டலம் கட்டுகிற வெள்ளை ஒட்டுநாடாவை முதுகில் ஒட்டி, கீல் ஆக்கிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் எதன்மேலும் அது நின்றது. மேஜைவிரிப்பு, தரைவிரிப்பு, உருளைக்கிழங்கு சாலட், தட்டில் அடுக்கிய, நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி. கேக்கை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குத் திறந்தால் எட்டு இதழ் வரும் என்று கண்டுபிடித்தாள்.

"சாப்பிடலாமா?" என்று எல்டன் கேட்டான்.

"இரு. உன் கொலாச்சி நட்சத்திரமா இருக்கு."

இப்போது கோழித்துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையை மூடினபோது, திரைச்சீலைக்கென்று வாங்கி வைத்து மிஞ்சிய துணிச்சுருள் ஒன்றை சர்ச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆள் கனம் இருக்கும். மஞ்சள் கடுகு நிறத்துப் பின்னணி. அதில் நீள வால் ஃபெசன்ட் காட்டுக்கோழிகள், பூசணிக்காய்கள், சோளத்தட்டைகள், பழுப்பும் ஆரஞ்சும் பாசிப்பச்சையுமாக. பார்த்தால் கண் கூசும். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மேஜை மூடவும், ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போடும்போது தரையில் விரிக்கவும் அதில் வெட்டி எடுப்போம். வெட்ட வெட்டக் குறையவே இல்லை. ஒருத்தர் தன் நாய் படுக்க வாங்கிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கண்காட்சிக்கு என்ன தைப்பது என்று பேச்சு வந்தது. ஒவ்வொருத்தியும் கொண்டுவந்த துணியை விரித்துக் காட்டினாள். லியோனா வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"உனக்கென்ன கவலை?" என்றார் ஜார்ஜீன். "உன் ரசனைக்குன்னே கோழித்துணி காத்துட்டிருக்கே."

சிரிப்பு எழுந்தது. லியோனாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவள் எழுந்தாள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். மூலையில் அந்தத் துணி போட்டு மூடியிருந்த மேஜைக்குப் போய், மேலே இருந்த காப்பிப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, கண்ணாடியைத் துணிமேல் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த ஆரம்பித்தாள். நகர்த்தியது சட்டென்று நின்றது.

"இர்மா, இங்க வா."

போய்க் குனிந்தேன். கோழியின் கழுத்தில் இருந்த பச்சை வளையம் நடுவில் சின்னச் சக்கரமாகச் சுழன்று நின்றது. அதைச் சுற்றி வால் இறகுகள் எட்டுத் திசையிலும் கதிராக விரிந்தன. கடுகு நிறம் பொன்னாக மாறியிருந்தது. அது அதே துணிதானா என்று கண்ணாடிக்கு வெளியே ஒரு தடவை பார்த்தேன். அதேதான்.

"அய்யோ" என்றேன்.

"இப்ப பாரு" என்று கட்டைவிரல் அகலம் நகர்த்தினாள். சோளத்தட்டை பனிப்பூவாக நின்றது. இன்னொரு நகர்த்தல். பூசணிக்காய் சர்ச் ஜன்னல் மாதிரி வண்ண வட்டம் ஆனது. பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். ஒருத்தி, இன்னொருத்தி, எல்லோரும் வந்து தலையை நுழைத்தார்கள். கடைசியில் ஜார்ஜீனும் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார்.

"கண்ணாடிக்குள்ள எதைக் காட்டினாலும் அழகாத்தான் இருக்கும். தைச்சுக் காட்டு, பாக்கலாம்."

"தைச்சுட்டா போச்சு" என்றாள் லியோனா. சுருளைத் தூக்கிப் பாதிப் பன்றியைப் போடுகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். அவள் மணிக்கட்டை நினைத்து நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. வெட்டுமேடையில் பழகினவள் அல்லவா, முதலில் எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிட வேண்டும், பிறகுதான் பொட்டலம் கட்டுவது. கண்ணாடியில் ஒரு நல்ல இடம் கிடைத்ததும் அங்கே முக்கோணக் கீற்றாகக் கோடு போடுவாள். துணியில் அதே கோழி திரும்பத் திரும்ப வருமே, அந்த அச்சு வருகிற இடமெல்லாம் தேடி, அதே மாதிரி எட்டுக் கீற்று வெட்டுவாள். துணி வெட்ட, உருளுகிற வட்டக் கத்தி ஒன்று கடைக்கு வந்திருந்தது. அதற்கு மணிக்கட்டு வலிக்காது. டாக்டர் சொன்ன கத்தியில் அது சேராது என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அடுப்படி, சாப்பாட்டு மேஜை, கட்டில், எங்கும் எட்டு எட்டாகக் கட்டிய கீற்றுகள். போர்வைக்கு வேண்டியது அத்தனையும் வெட்டியாகிவிட்டது. ஒரு தையல்கூடப் போடவில்லை.

பிறகு முதல் நட்சத்திரத்தைத் தைத்தாள். தைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"வாடி இங்க." குரலில் சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மேஜையில் அது கிடந்தது. எட்டுக் கீற்றும் பிசகாமல் சேர்ந்திருந்தன. தையல் நேராக இருந்தது. ஆனால் நட்சத்திரம் இல்லை. ஒரு கீற்றில் கோழியின் கழுத்து முடிகிற இடத்தில் அடுத்த கீற்றின் பூசணிக்காய் வந்து இடித்தது. இறகு பாதியில் அறுந்து நின்றது. கண்ணாடியில் கோழிகள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. தைத்ததில் எல்லாக் கோழியும் ஒன்றன் பின்னால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தன.

"கண்ணாடி என்னை ஏமாத்திடுச்சு" என்றாள்.

"வேற மாதிரி சேத்துப் பாருங்களேன்."

"எல்லா மாதிரியும் பாத்தாச்சு. எப்படிச் சுத்தினாலும் ஓடுதுங்க சனியன்."

எல்டன் அடுப்படி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். "கோழி அழகா ஓடுது" என்றான், சமாதானமாக. அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் லாரிக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டான்.

எங்கள் ஊரில் எதுவும் ஒளியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஜார்ஜீன் தேன் ஒழுகக் கேட்டார்: "நட்சத்திரம் எந்த அளவுல இருக்கு, லியோனா?" லியோனா ஊசியில் நூல் கோத்தபடி, "மேகமூட்டமா இருக்கு அக்கா" என்றாள். அன்றைக்கு அவள் சீக்கிரமே எழுந்து போனாள். வெட்டிய கீற்றுகளை எல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மறுபடி ஜன்னல் துடைக்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை ஈரல் தொத்திறைச்சி வாங்க இறைச்சிக் கூடத்துக்குப் போனேன். அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே லாடி ஒரு பன்றியை நடுமுதுகில் ரம்பம் இறக்கிப் பிளந்துகொண்டிருந்தார். இரண்டு பாதியும் பிரிந்து கொக்கியில் தொங்கின. லாடி ஒரு பாதியைத் தள்ளிக் குளிர் அறைக்குள் அனுப்பினார். முன்னாலேயே அங்கே வேறொரு பன்றியின் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. போனது அதன் பக்கத்தில் போய் நின்றது.

"லாடி அண்ணே" என்றாள் லியோனா. "அந்த ரெண்டும் இடது பாதி."

"ஆமா. அதுக்கென்ன?"

"ரெண்டு இடது பாதியைச் சேத்து வச்சா பன்னி ஆகாது."

லாடி ரம்பத்தைக் கீழே வைத்தார். "லியோனா, கையில ஆபரேஷன் பண்ணாங்களா, தலையிலயா?"

"ஆகாதுண்ணே! ஒரு இடது, ஒரு வலது வேணும். கண்ணாடி என்ன பண்ணுது? இடது பக்கத்துல நின்னு பாத்தா வலதைக் காட்டுது. நான் என்ன பண்ணேன்? எல்லாத்தையும் இடதாவே வெட்டி வச்சிருக்கேன். எட்டும் இடது!" என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எட்டும் இடதுடி இர்மா! நாலு வலது வேணும்!"

"வலதுக்கு எங்க போறது? துணியில கோழி ஒரே பக்கந்தானே பாக்குது?" என்றேன்.

அவள் கல்லாவில் கிடந்த காகிதப் பையை எடுத்தாள். அதில் கூடத்தின் பெயர் அச்சடித்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். பின்பக்கம் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன.

"திருப்பிப் போட்டா வலது" என்றாள் மெதுவாக. அடுத்த நொடி கதவு படார் என்று சாத்திக்கொண்டது. தொத்திறைச்சிக்குக் காசு கொடுக்க நான் மட்டும் நின்றேன்.

நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூட்டை பிரிந்து கிடந்தது. எட்டுக் கீற்றில் நாலை அப்படியே வைத்து, நாலைத் திருப்பிப் போட்டிருந்தாள். திரைச்சீலைக்காக நெய்த துணி அது. சாயம் மறுபக்கம் வரைக்கும் ஊறியிருந்தது. கோழி அங்கேயும் இருந்தது, ஆனால் வெளிறிப்போய், பல தடவை துவைத்த மாதிரி.

"நிறம் செத்துக் கிடக்கேடி" என்றாள். "பாதி பளிச்சுன்னு, பாதி சோகையா."

கீற்றின் இரண்டு ஓரமும் ஒரே நீளம், அதனால் திருப்பினாலும் இடம் மாறாமல் உட்கார்ந்தது. மூக்கோடு மூக்கு சேர்ந்தது. இறகோடு இறகு சேர்ந்தது. நான் நாலடி பின்னால் போய் நின்று பார்த்தேன்.

"அண்ணி, இங்க வந்து நின்னு பாருங்க."

வந்து என் பக்கத்தில் நின்றாள். மேஜையில் கிடந்தது சமதளத் துணி. ஆனால் அது மடிந்து எழும்பி நின்ற மாதிரி இருந்தது. ஒரு கீற்றில் வெயில் விழுந்தது, அடுத்ததில் நிழல். மறுபடி வெயில், மறுபடி நிழல். கண்ணாடியில் பார்த்த நட்சத்திரம் தட்டையாக இருந்தது. இது குடை விரித்த மாதிரி எங்களைப் பார்த்து வந்தது.

"கண்ணாடிக்கே இது தெரியலையே" என்றாள் லியோனா. பிறகு அவள் போட்ட கூச்சலில் எல்டன் கொட்டிலிலிருந்து ஓடிவந்தான். அவனைப் பிடித்து அடுப்படியிலேயே இரண்டு சுற்று போல்கா ஆடினாள். அவன் கையில் இருந்த எண்ணெய்க் கறை அவள் முதுகில் ஐந்து விரலாகப் பதிந்தது.

மே மாதத்துக்குள் மேல்துணி முழுக்கத் தைத்துவிட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நட்சத்திரம், ஒன்றைப்போல் ஒன்று இல்லை. சர்ச்சுக்கு எடுத்துப்போய் விரித்தோம். ஜார்ஜீன் சுற்றி நடந்து பார்த்தார். குனிந்தார். விரலால் ஒரு வெளிறிய கீற்றைத் தேய்த்தார்.

"இது துணியோட பின்பக்கம்."

"ஆமாக்கா."

"பின்பக்கத்தை முன்னால போட்டுத் தைக்கறதா? உள்பாவாடையை வெளிய போட்டுட்டு சர்ச்சுக்கு வர்ற மாதிரி இருக்கு. நம்ம சங்கத்துப் பேர்ல இதை அனுப்ப முடியாது, லியோனா. நடுவர் முதல் பார்வையிலயே கண்டுபிடிச்சுடுவாங்க. நமக்குத்தான் தலைகுனிவு."

மற்றவர்கள் தங்கள் துணிப் பக்கம் குனிந்துகொண்டார்கள். லியோனா போர்வையை மடித்தாள்.

"அப்ப என் பேர்ல அனுப்பறேன். தலை குனிஞ்சா என் தலைதானே? எனக்கு உயரம் ஜாஸ்தி, கொஞ்சம் குனிஞ்சா நல்லதுதான்."

சொல்லிவிட்டாளே தவிர, பெரிய வேலை இன்னும் பாக்கி இருந்தது. மேல்துணி, நடுவே பஞ்சு, கீழ்த்துணி, மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கையால் பொடித் தையல் போட வேண்டும். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து செய்கிற வேலை அது. இங்கே நானும் அவளும்தான். அவள் மணிக்கட்டு சீக்கிரமே வீங்கிவிடும். சட்டம் அவர்கள் முன்னறையை அடைத்துக்கொண்டு நின்றது. எல்டன் அதற்கு அடியில் தவழ்ந்து போய்த்தான் தன் நாற்காலிக்குப் போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லாடி வந்தார். கையில் ஒரு பொட்டலம் பன்றி விலா. சட்டத்தைப் பார்த்தார்.

"நான் வேணா ஒரு கை போடட்டுமா?"

"அண்ணே, இது தையல்."

"வாழ்நாள் முழுக்க நான் என்ன பண்றேன்? ரோஸ்ட்டுக்கு இறைச்சியைச் சுருட்டித் தைக்கலையா?"

சும்மா விளையாட்டுக்கு ஒரு ஊசி கொடுத்தோம். அந்தத் தடித்த விரல்களால் அவர் போட்ட தையல் எறும்பு வரிசை மாதிரி போனது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் வந்துவிடுவார். தன் வீட்டில் யாராவது கேட்டால், எல்டனோடு லாரியைப் பழுது பார்க்கிறார் என்று சொல்லச் சொன்னார். எல்டனும் சரியென்று தலையை ஆட்டினான்.

ஆகஸ்ட் வந்தது. கண்காட்சித் திடலில் போர்வைகளுக்கென்று தனிக் கட்டடம். தகரக் கூரை, மின்விசிறிகள் அனல் காற்றை வீசின. நடுவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்த நெட்டையான அம்மாள், வெள்ளைக் கையுறை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி குறை நிறை சொல்வார். யாருடையது என்று அவருக்குத் தெரியக்கூடாது. தைத்தவர்கள் வாயைத் திறக்கவும் கூடாது. அதுதான் விதி. முதல் வரிசையில் ஜார்ஜீன். அவருடைய நீல வெள்ளைப் போர்வை வந்தபோது நடுவர், "குறை சொல்ல இடமே இல்ல" என்றார். ஜார்ஜீன் சுருட்டிய தலைமுடியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

கடைசிக்கு முன்னால் லியோனாவின் போர்வையை இரண்டு பேர் தூக்கி விரித்தார்கள். கூட்டத்தில் ஒரு "ஓ" எழுந்தது. யாரோ பின்னாலிருந்து, "கோழித்துணி!" என்று கிசுகிசுத்தார்கள். கிசுகிசுப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

நடுவர் போர்வைக்குக் கிட்டே போனார். தூரப் போனார். மறுபடி கிட்டே போய், ஒரு வெளிறிய கீற்றில் விரல் வைத்தார்.

"இந்த நிழல் எப்படி வந்தது? ஒரே அச்சு, ரெண்டு நிறம். இந்த ரெண்டாவது துணி எந்தக் கடையில கிடைச்சது? எனக்கு இப்படி ஒண்ணு கிடைச்சதே இல்லையே."

லியோனாவின் கையை நான் இறுக்கிப் பிடித்தேன். பிடித்து என்ன பயன்?

"கடையெல்லாம் இல்லைங்க! அது துணியோட முதுகு!"

கட்டடமே அவள் குரலில் அதிர்ந்தது. கூட்டம் சிரித்தது, உடனே அடங்கியது. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்தார். இத்தனை மாத உழைப்பும் அந்த ஒரு வாயால் போயிற்று என்றே நினைத்தேன். எல்டன் கண்ணை மூடிக்கொண்டான்.

நடுவர் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. போர்வையையே பார்த்துக்கொண்டு, "இந்த மின்விசிறி சத்தத்துல ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது" என்றார். ஓரத்தைத் திருப்பி உள்ளே பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "துணிக்கு ரெண்டு பக்கம் உண்டுன்னு நமக்கெல்லாம் தெரியும். ரெண்டையும் வேலை வாங்க இந்தத் திடல்ல ஒருத்தருக்குத்தான் தோணியிருக்கு."

ஊதா ரிப்பனை அவரே எடுத்துக் குத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. லாடி தொப்பியைக் கழற்றி எறிந்தார், அது யாரோ ஒருத்தியின் எலுமிச்சைச் சாற்றில் விழுந்தது. லியோனா அழவில்லை. "ஹா!" என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டாள், இறைச்சிக் கூடத்தில் கனமான எலும்பு ஒரே வெட்டில் பிரியும்போது போடுவாளே, அந்தச் சத்தம். எல்டன் அவளைப் பார்த்தபடியே நின்றான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "என் பொண்டாட்டி" என்றான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கூட்டம் விலகியதும் ஜார்ஜீன் வந்தார். நீலச் சிவப்புப் பூப்போட்ட சட்டை, சுருட்டிய தலை கலையவில்லை. போர்வையின் மூலையைத் தூக்கித் தையலைப் பார்த்தார்.

"இந்த மூலையில தையல் பிரமாதம். யார் போட்டது? நீ இல்ல."

"லாடி அண்ணன்."

ஜார்ஜீன் திரும்பி லாடியைப் பார்த்தார். லாடி கூரையைப் பார்த்தார்.

"கடவுளே" என்றார் ஜார்ஜீன். மூலையை இறக்கிவிட்டுக் கையால் தடவிச் சரிசெய்தார். "நான் இதைச் சங்கத்துப் பேர்ல அனுப்பியிருக்கணும், லியோனா. பின்பக்கம்னு சொன்னேன். சரியாப் பாக்கத்தான் செய்யல."

"விடுங்கக்கா. நானே முதல்ல அது சோகைன்னுதான் சொன்னேன்."

"அந்தக் கண்ணாடி... அது கையில இருக்கா?"

பையில் இல்லாமலா? லியோனா அதை எடுத்தாள். சுற்றும் முற்றும் துணி தேடினாள். பிறகு ஜார்ஜீனையே ஏற இறங்கப் பார்த்தாள்.

"அசையாம நில்லுங்க."

"என்ன பண்றே?"

"மூச்சை உள்ள இழுங்கக்கா. ம், அப்படியே."

சட்டையின் பூப்போட்ட வயிற்றில் கண்ணாடியை வைத்து விரித்தாள். ஜார்ஜீன் மோவாய் மார்பில் இடிக்கக் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"நகத்து" என்றார் ஜார்ஜீன். "இன்னும் கொஞ்சம். இடது பக்கம். நிறுத்து! நிறுத்துடி, அங்கதான்! யாராவது ஒரு சாக்பீஸ் கொண்டு வாங்க!"

அவர் வயிற்றில் கோடு போட்டதைச் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊரில் சதுரக் கண்ணாடிக்குத் தட்டுப்பாடு வந்தது. நாட்டியக் கொட்டகைத் தூணிலிருந்து சிலது காணாமல் போனதாகவும் பேச்சு.

கண்காட்சி முடிகிறவரை போர்வை அங்கேயே தொங்க வேண்டும். அதனால் அன்று சாயங்காலம் வெறும் கையோடுதான் திரும்பினோம். லாரியின் முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சோளம் ஆளுயரம் வளர்ந்து இரண்டு பக்கமும் நின்றது. வெயில் சாய்ந்து புழுதி முழுக்கப் பொன்னாக இருந்தது. முதல் பண்ணை வீடு வந்ததும் எல்டன் ஹாரனை அழுத்தினான். தானிய லாரி ஹாரன், செத்தவனும் எழுந்து உட்காருவான். வாசலுக்கு ஆட்கள் ஓடிவந்தார்கள். லியோனா ஜன்னலில் இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு கத்தினாள்:

"ஊதா!"

அடுத்த வீட்டிலும் ஹாரன். அடுத்த வீட்டிலும். மாட்டுக்கொட்டிலிலிருந்து ஒருவர் வாளியோடு கையை ஆட்டினார். என்ன விஷயமென்று தெரியாத ஒரு கிழவர்கூடத் தொப்பியைத் தூக்கினார். நான் அவள் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணி, விழுந்துடப் போறீங்க!" என்றேன்.

"பிடிச்சுக்கோடி!" என்று சிரித்தாள் லியோனா. "எல்டன், இன்னொரு சுத்து போ!"

அண்ணன் ஊருக்குள் திரும்புகிற வளைவில் திரும்பவில்லை. நேராகப் போனான்.